கனகசூரியம் காலமான கதிரை

என்னுடைய மனைவி குணலட்சுமி ஆரம்பப் பாடசாலையில் முப்பத்துநான்கு வருடம் படிப்பித்தவள். அத்தனை வருடமும் நின்றுகொண்டுதான். வகுப்பில் ஆசிரியைக்கென்று ஒரு கதிரை எப்போதும் இருந்தது. அதில் கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் இருப்பார், அல்லது பெற்றோர் யாராவது இருப்பார்கள். ஒருவரும் வராத நாளில் காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்று அதில் சுருண்டு படுத்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. சுவிஸில் இருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பதினொரு பேருக்கு மடிக்கணினியில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கினாள். புதனும் வெள்ளியும் பின்னேரம் ஐந்தரைக்கு, சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு. கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் பள்ளிக்கூடம். இணையம் அந்த அறையில் மட்டும்தான் மரியாதையாக வேலை செய்யும். முதலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், முதுகுக்கு ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தலையணை வைத்துச் சமாளித்தாள். ஆறு மாதத்தில் எழும்பும்போது சுவரைப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டாள். வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல கதிரை ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் வகுப்பை விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் வைத்து அவள் கேட்டாள். "வகுப்பை விட்டிட்டு நான் என்ன செய்யிறது? உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

எனக்குச் சுருக்கென்றது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு மோசமான வேலையா என்ன? ஆனால் அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்தப் பதினொரு பிள்ளைகளும் இல்லாவிட்டால் அவளுக்கு நாள் விடியாது. ஆகவே கதிரை தேடப் புறப்பட்டோம்.

கதிரை வாங்குவது என்றால் கடைக்குப் போய், இருந்து பார்த்து, விலை கேட்டு, கொண்டு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். குணலட்சுமி ஒரு பையில் பிள்ளைகளின் கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கதிரையிலும் இருந்து, சிவப்புப் பேனையால் ஐந்து கட்டுரை திருத்துவாள். ஐந்தாவது கட்டுரை வரைக்கும் முதுகு பேசாமல் இருந்தால் அந்தக் கதிரை அடுத்த சுற்றுக்குப் போகும். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் பிரம்பு பின்னிய தேக்கங் கதிரை ஒன்று இருந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. இரண்டாவது கட்டுரையிலேயே அவள் எழும்பிவிட்டாள். இன்னொரு கடையில் கறுப்புத் தோலில், ஆள் உயரத்துக்குச் சாய்மானம் வைத்த முதலாளிக் கதிரை. அதில் இருந்து ஏழு கட்டுரை திருத்தினாள். விலையைக் கேட்டதும் பேனையை மூடினாள்.

கடைசியில் சுன்னாகத்தில், சந்தைக்குக் கிட்ட ஒரு கடையில்தான் அது அகப்பட்டது. கரும்பச்சைத் துணி, முதுகுப் பக்கம் வலை, ஐந்து சில்லு, பக்கத்தில் ஒரு பிடி. பிடியை இழுத்தால் பின்னுக்குச் சாயும். விற்பனைக்கு நின்ற சயந்தன் என்ற பொடியன் அதன் பெருமையைச் சொல்லத் தொடங்கினான். குணலட்சுமி விரலை வாயில் வைத்து அவனைப் பேசாமல் நிற்கச் செய்துவிட்டுப் பதினொரு கட்டுரையையும் திருத்தி முடித்தாள். அவன் முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் நின்றான். விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. நிறமும் எங்கள் யன்னல் சீலைக்கு ஒத்துப்போனது.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் என்னால் வந்த வினை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த ஆளை நல்ல கதிரையில் இருத்துவது என் பழக்கம். என் பழக்கம் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். நல்ல கதிரையில் வீட்டுக்காரன் இருந்துகொண்டு, வந்தவனைப் பிளாஸ்டிக்கில் இருத்தினால் அடுத்த நாள் அது கோயில் வரைக்கும் போய்விடும். கதிரை வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை ஐந்தரைக்கு, என்னோடு சங்கத்தில் கணக்காளராக இருந்து பிறகு ஆசிரியரான யாகோப்பு மாஸ்டர் வந்தார். நான் யோசிக்கவே இல்லை. "மாஸ்டர், அந்தக் கதிரையிலை இருங்கோ, அதுதான் சுகம்" என்றேன். குணலட்சுமி எழும்பி, மடிக்கணினியை அறை மூலையில் நின்ற பிறிட்ஜின் மேல் தூக்கி வைத்து, நின்றபடி வகுப்பைத் தொடங்கினாள்.

மாஸ்டர் பத்து நிமிடத்துக்கு என்று வந்தவர். பிடியை இழுத்துப் பார்த்தார். இரண்டு மணித்தியாலம் இருந்தார்.

பிறகு வெள்ளியும் வந்தார், சனியும் வந்தார். பக்கத்து வீட்டுச் சீலா அக்காவும் வரத் தொடங்கினா. சனசமூக நிலையச் செயலாளர் சுபாஸ்கரன், வருடத்தில் ஒரு நாள் சந்தாவுக்கு வருகிறவர், இப்போது கிழமையில் இரண்டு தரம் வந்து ஊர் நிலைமை பற்றிக் கதைத்தார். தேத்தண்ணி வந்ததும் எழும்பாமலே சில்லில் உருண்டுபோய் எடுப்பார்.

குணலட்சுமி தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தாள். காய்ந்த உடுப்பெல்லாம் கதிரையில் குவித்து வைத்தாள். சீலா அக்கா பாவம் பார்த்து அத்தனையையும் மடித்து அடுக்கிவிட்டு இருந்தா. கதிரை பழுதாகிவிட்டது என்றாள். சுபாஸ்கரன் ஸ்பானரும் எண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்து, கதிரையைக் கவிழ்த்துப் பூட்டி, எண்ணெய் விட்டு, சரிவந்ததா என்று பார்க்க ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். கடைசியில் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த ஆள் வந்ததும் நானே போய் உருட்டிக்கொண்டு வந்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

இதற்கிடையில் சுவிஸில் லக்சன் என்ற எட்டு வயதுப் பையன், கதிரையில் சாய்ந்திருந்த யாகோப்பு மாஸ்டரைத் திரையில் பார்த்து, 'ரீச்சர் வீட்டுத் தாத்தா' என்ற தலைப்பில் ஐந்து வசனம் எழுதி அனுப்பினான். தாத்தா நித்திரை கொள்கிறார். தாத்தாவின் வாய் திறந்திருக்கிறது. தாத்தாவின் கண்ணாடி விழுந்துவிட்டது. ரீச்சர் நிற்கிறார். ரீச்சருக்குக் கால் நோகிறது. ஒரு பிழை இல்லை. குணலட்சுமி பத்துக்குப் பத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தப் பையனின் தாய் ஜெயனிதான் வகுப்பை ஒழுங்கு செய்தவ. அன்று இரவு அவ அழைப்பெடுத்தா. "ரீச்சர், நீங்கள் ஏன் ஒவ்வொரு நாளும் நிண்டு படிப்பிக்கிறியள்? முகத்தைப் பாக்கவே நோவு தெரியுது. பிள்ளையளும் பயப்பிடுகினம். ஏலாட்டில் சொல்லுங்கோ, இந்த மாதத்தோடை நாங்கள் வேறை ஆரையும் பாப்பம்."

மரியாதையாகத்தான் சொன்னா. குணலட்சுமி போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். அடுத்த ஆள் வரேக்கை, 'அது அவவின்ரை கதிரை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்குச் சீலா அக்கா நாலு முருங்கைக்காயோடு வந்தா. நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டிய வசனம் நாக்கில் வந்து நின்றது. "அந்தக் கதிரையிலை இருங்கோ அக்கா, அதுதான் சுகம்" என்று சொன்னேன். அது என்னுடைய குரல்தான்.

சீலா அக்கா பாதி இருந்துவிட்டா. அப்போது குணலட்சுமி சொன்னாள்.

"அக்கா, உதிலை இருக்காதேங்கோ. உதிலை இருந்து ஒராள் செத்தவர்."

சீலா அக்கா இருக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. முழங்கால் மடிந்தபடி அப்படியே நின்றா. "ஆர் பிள்ளை?"

குணலட்சுமி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவளிடம் ஒரு பொய்க்குத்தான் சரக்கு இருந்தது. மிச்சத்தை நான்தான் பார்க்க வேண்டும்.

"என்ரை பெரியப்பாவின்ரை மகன், அக்கா. கனகசூரியம் அண்ணை. கிளிநொச்சியிலை இருந்து போன வியாழக்கிழமை வந்தவர். சீனி போடாத தேத்தண்ணி கேட்டவர். கொண்டு வாறதுக்குள்ளை சாய்ஞ்சிட்டார். ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு ஓடினனாங்கள், அதுக்கிடையிலை முடிஞ்சுது. கிளிநொச்சிக்கே கொண்டுபோய் எரிச்சாச்சு. அவருக்கு எங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குப் பிள்ளைகளே இல்லை.

சீலா அக்காவின் கண் கலங்கியது. செத்தவருக்காக அல்ல. "பக்கத்து வீட்டிலை இருக்கிற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே ரீச்சர்" என்று கேட்டுவிட்டு, முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போனா.

நாங்கள் இரண்டு பேரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து அறுபது வயது தாண்டியவர்கள். ஒரு சாவைச் சொன்னால் ஆட்கள் வராமல் விடுவார்கள் என்று எப்படி நினைத்தோமோ தெரியவில்லை. கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் மூன்று மாதத்தில் சமாதானமாகலாம். செத்தவீட்டைச் சொல்லாமல் விட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் படலை திறந்து கிடந்தது.

சீலா அக்கா கோபத்தை அடக்கிக்கொண்டு, அடுப்பு மூட்டக் கூடாது என்று சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்தா. ஆட்கள் வந்து வரிசையாக இருந்து, கதிரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். வயதானவர்களுக்கு அந்தச் சாவு நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. நோவில்லை, படுக்கையில்லை, தேத்தண்ணி வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு கிழவர் கதிரையின் கையைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

யாகோப்பு மாஸ்டர் வந்து கதிரையை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். தன்னுடைய வழக்கமான இடத்தில் ஒருவர் செத்திருக்கிறார் என்பது அவரைப் பாதித்திருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கனகுவை எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆரை மாஸ்டர்?"

"கனகசூரியத்தை. சுன்னாகத்திலை என்னோடை பந்தடிச்சவன். இடது கால்காரன். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் கோவக்காரன்."

சுற்றியிருந்த ஐந்தாறு பேரும் ஓம் ஓம் என்றார்கள். அவருடைய கோபம் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். எனக்கே அந்த மனிதர் மேல் ஒரு பாசம் வரத் தொடங்கியிருந்தது.

சுபாஸ்கரன் கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும் என்று படம் கேட்டார். படம் இல்லை என்றேன். ஒரு மனிதனுக்கு ஒரு படமாவது இல்லாமலா என்று யோசித்துவிட்டு, கைபேசியால் கதிரையைப் படமெடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் சந்தி மதிலில் ஒட்டியிருந்தது. மேலே குத்துவிளக்கு இரண்டு, நடுவில் எங்கள் கரும்பச்சைக் கதிரை, கீழே 'அமரர் கனகசூரியம்'. அன்று பின்னேரமே சுன்னாகத்திலிருந்து சயந்தன் அழைத்தான். "ஐயா, எங்கடை கதிரைக்கு ஏன் அஞ்சலி போட்டிருக்கிறியள்? ஆக்கள் படத்தைக் கொண்டுவந்து காட்டி, கிழவர் நிம்மதியாப் போன கதிரை இருக்கோ எண்டு கேக்கினம். ஆறு வித்துப் போச்சு." அவன் கோபப்படுகிறானா, நன்றி சொல்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பாவின் மகன் என்று சொன்னபடியால் எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. நல்லூர்த் திருவிழா தொடங்கி நடந்துகொண்டிருந்தது. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரைக்கும் ஒரு நாளும் விடாமல் போகிற நான், பிறக்காத ஒருவனுக்காக வீட்டில் இருந்து தேர்த் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கனகசூரியம் அண்ணை மேல் இருந்த பாசம் அன்றோடு போய்விட்டது.

இதெல்லாம் எதற்காக? குணலட்சுமி இருப்பதற்காக. அதுதான் நடக்கவே இல்லை. கதிரையில் இப்போது வேறு ஒருவரும் இருப்பதில்லை என்பது சரி. ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னறை நிறைய இருக்கும்போது, செத்தவரின் கதிரையில் ஏறி இருந்து அவள் எப்படிப் பாடம் நடத்துவாள்? பிறிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் படிப்பித்தாள். எங்கள் துக்கத்தைக் கேள்விப்பட்ட ஜெயனி, "முப்பத்தொண்டு முடியட்டும் ரீச்சர், அண்டைக்கு வகுப்பைப் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்று சொல்லியிருந்தா. அதுதான் எங்களுக்கு இருந்த தவணை.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. அந்தியேட்டிக் கிரியை செய்யாமல் விட ஊர் விடாது. இல்லாத மனிதனுக்கு ஐயரைக் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. கிரியைகளைக் கீரிமலையில் செய்விப்பதாகச் சொல்லிவிட்டு, விடிய அங்கே போய்க் கேணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மத்தியானம் நாற்பது பேருக்குச் சாப்பாடு. சுபாஸ்கரன் கதிரைக்கு மாலை போட்டு, முன்னால் தலைவாழையிலை விரித்து, சோறு கறியெல்லாம் படைத்து, பக்கத்தில் ஒரு செவ்விளநீரும் சீனி போடாத தேத்தண்ணி ஒரு கோப்பையும் வைத்திருந்தார்.

ஒன்றரைக்கு வகுப்பு தொடங்கியது. நாற்பது பேர் சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குணலட்சுமி ஒரு கையால் பிறிட்ஜைப் பிடித்தபடி நிற்கிறாள். கணினிக்குள் பதினொரு முகங்களும், லக்சனின் முகத்துக்குப் பின்னால் ஜெயனியின் முகமும் தெரிந்தன.

"ரீச்சர், கதிரைக்கு ஏன் மாலை போட்டிருக்கு? ஆர் செத்தது?" என்று லக்சன் கேட்டான். அந்தச் சின்னக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

குணலட்சுமி அந்த மாலையைப் பார்த்தாள். பிறகு, வகுப்பில் பிள்ளைக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "ஒருத்தரும் சாகேல்லையப்பு. அப்பிடி ஒராள் இல்லை. எனக்கு இருக்க ஒரு இடம் வேணுமெண்டு ரீச்சர் பொய் சொன்னனான். பொய் சொன்னது பிழை."

வெற்றிலை மென்ற வாய்களெல்லாம் நின்றன. இனி இந்த ஊரில் குடியிருக்க முடியாது, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

யாகோப்பு மாஸ்டர்தான் முதலில் தலையாட்டினார். "பாத்தியளோ, சின்னப் பிள்ளையளுக்குச் சாவைச் சொல்லக் கூடாது எண்டு எப்பிடி மறைக்கிறா. உதுதான் ரீச்சர்."

நாற்பது பேரும் ஓம் என்றார்கள். சீலா அக்கா கண்ணைத் துடைத்தா. கனகசூரியத்தோடு பந்தடித்தவரும், அவருடைய கோபத்தைக் கண்டவர்களும், அவருக்காக மதிலில் கதிரை ஒட்டியவரும் இருந்த அந்த அறையில், அவர் இல்லை என்று நம்புவதற்கு ஒருவரும் தயாராக இல்லை. குணலட்சுமி என்னைப் பார்த்தாள். உண்மையும் உதவவில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. கால் மாற்றி நின்றாள். நோவில் உதட்டைக் கடித்ததை நான் கண்டேன்.

அப்போது மாஸ்டர் எழும்பினார். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். நேரே கதிரைக்குப் போய், மாலையை மெல்லக் கழற்றினார்.

"முப்பத்தொண்டு முடிஞ்சுது. துடக்கும் கழிஞ்சுது. இனி ஆரும் இருக்கலாம். கனகு இருந்தால் என்னைத்தான் இருக்கச் சொல்லுவான்."

சொல்லிக்கொண்டே பிடியில் கை வைத்தார். அவர் குனிந்த அந்த நேரத்தில், ஒரு மாதமாக நாங்கள் செய்ததெல்லாம் எனக்கு ஒரேயடியாகத் தெரிந்தது. ஒரு மனிதனைப் பிறப்பித்து, கிளிநொச்சியிலிருந்து கூட்டிவந்து, கொன்று, எரித்து, நாற்பது பேருக்குச் சோறும் போட்டுவிட்டேன். அவள் கேட்ட ஒரு வசனத்தை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சோறு படைத்த இலைக்கு முன்னால் நின்று அவ்வளவு வெட்கப்பட்டேன்.

"மாஸ்டர், அது என்ரை மனுசியின்ரை கதிரை" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நாற்பது பேரும் திரும்பினார்கள். மாஸ்டர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே நமசிவாயம்" என்றார். மாலையை என் கையில் தந்துவிட்டு, போய்ப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்தார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

நான் கதிரையை மேசைக்கு உருட்டினேன். பிறிட்ஜின் மேலிருந்து மடிக்கணினியைப் பதினொரு பிள்ளைகளோடும் இறக்கி மேசையில் வைத்தேன். "இரும்" என்றேன். குணலட்சுமி இருந்தாள். கணினிக்குள் ஜெயனி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த மாதத்துக்கும் இதே நேரம்தானே ரீச்சர்?" என்று கேட்டா.

"ஓம்" என்று சொல்லிவிட்டு, குணலட்சுமி என் பக்கம் திரும்பினாள். "ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்கோ. சீனி வேண்டாம்."

போட்டேன். கொண்டு வந்தபோது அவள் பிடியை இழுத்துப் பின்னுக்குச் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. கை இரண்டும் மடியில் கிடந்தன. கனகசூரியத்தைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"குணம்" என்றேன்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பிள்ளையள் கட்டுரை எழுதுகினம். சத்தம் போடாதேங்கோ" என்றாள். பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள். கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் அவள் சாய்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.